அம்பு ஒட்டிய படங்கள்

கண்ணு,

நீ உள்ளறையில் பெட்டி அடுக்கிக்கொண்டிருக்கிறாய். ஜிப்பை மூடுவதும் மறுபடி திறப்பதுமாகச் சத்தம் கேட்கிறது. எதையோ வைக்க மறந்துவிட்டுத் தேடுகிறாய் போலிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலை ரயிலில் பெங்களூருக்குப் போகிறாய். அங்கே ஒரு பெரிய கார்மெண்ட்ஸ் கம்பெனியில் குவாலிட்டி வேலை. நான் பார்க்கும் அதே வேலைதான், கொஞ்சம் பெரிய நாற்காலியில். உன் அத்தையும் மாமாவும் போனில் கூப்பிட்டு வாழ்த்துச் சொல்லிவிட்டார்கள். நான் மட்டும் சமையலறையில் உட்கார்ந்து, கம்பெனியிலிருந்து கொண்டுவந்த ரிப்போர்ட் நோட்டின் பின்பக்கத்தில் உனக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒரே வீட்டுக்குள் இருந்துகொண்டு கடிதம் எழுதுகிறவளை நீ கேலி செய்வாய். செய். நேரில் சொல்லத்தான் மூன்று வாரமாகப் பார்க்கிறேன். ஒவ்வொரு தடவையும் உன் கதவு வரை வந்து, "சாப்புட்டயா கண்ணு?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிவிடுகிறேன்.

இதை உறையில் போட்டு ஒட்டப்போவதில்லை. நான் செய்த தப்பு இருபத்தெட்டுப் பேர் முன்னால் நடந்தது. அதை மூடிய கடிதத்தில் சொன்னால் பாதிதான் சொன்னதாகும். அதனால் யார் வேண்டுமானாலும் படிக்கட்டும். உன்னைப் போல அனுபவம் வேண்டுமென்று யாருக்கோ ஒத்தாசையாகப் போய் நிற்கும் பிள்ளைகள் படிக்கட்டும். அவர்களைப் பெற்றுவிட்டு என்னைப் போல அவசரப்படும் அம்மாக்களும் படிக்கட்டும். அவர்களுக்கும் புரிய வேண்டுமே என்பதற்காக உனக்குத் தெரிந்த கதையையும் முதலிலிருந்து சொல்கிறேன். நீ கோபித்துக்கொள்ளாமல் கூடவே வா.

நான் பனியன் கம்பெனியில் செக்கிங் பார்க்கிறவள். தைத்து முடித்த துணி பேக்கிங்குக்குப் போகும் முன்னால் எங்கள் மேசைக்கு வரும். வெள்ளை மேசை, தலைக்கு மேல் வரிசையாக ட்யூப்லைட். கழுத்து, தோள், கை, அடிமடிப்பு என்று கண்ணை ஒரு சுற்று ஓட்டி, திருப்பிப் போட்டு இன்னொரு சுற்று. தையல் விட்டிருந்தாலோ எண்ணெய்க் கறை பட்டிருந்தாலோ அந்த இடத்தில் சிவப்பு அம்பு போட்ட சின்ன ஸ்டிக்கரை ஒட்டுவோம். அம்பின் மூக்கு சரியாகத் தப்பைத் தொட வேண்டும். அம்பு ஒட்டிய பீஸ், தைத்தவரிடமே திரும்பிப் போகும். அதற்கு ஆல்டர் என்று பெயர். நாள் முழுக்கத் தைத்த களைப்பில் சுண்டாத முகம், திரும்பி வந்த ஒரே ஒரு ஆல்டர் பீஸைப் பார்த்துச் சுண்டிப்போகும். இருபத்திரண்டு வருடமாக அந்த முகங்களை எனக்குத் தெரியும். தெரிந்தேதான் ஒட்டினேன், நல்ல கண்ணு என்று பெயரும் வாங்கினேன். மத்தியானம் மூன்று மணிக்கு மேல், பஞ்சுத் தூசி அந்த வெளிச்சத்தில் இறங்காமல் மிதந்துகொண்டே இருக்கும். அப்போது கண்ணும் கையும் தானாக வேலை செய்யும், நான் எங்கேயோ போய்விடுவேன். பார்க்காத ஊர்களின் தெருக்களில் நடப்பேன். உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு யாருமில்லாத ஒரு ஆற்றோரம் நிற்பேன். திரும்பி வந்து பார்த்தால் ஐம்பது பீஸ் முடிந்திருக்கும், ஒரு தப்புகூட என்னைத் தாண்டிப் போயிருக்காது.

அந்தக் கண்ணை நான் கம்பெனியிலேயே விட்டுவிட்டு வந்திருக்க வேண்டும். விடவில்லை. இரண்டாம் வகுப்பில் நீ என்னை வரைந்து கொண்டுவந்து காட்டினாய். பச்சைச் சேலை, பெரிய பொட்டு, கையில் டிபன் பை. நான் பார்த்ததும் சொன்ன முதல் வார்த்தை, "கைக்கு ஆறு வெரலு போட்டிருக்கறே." நீ உட்கார்ந்து அந்த ஆறாவது விரலை ரப்பரால் அழித்தாய், அழித்தாய், காகிதம் ஓட்டையாகும் வரைக்கும் அழித்தாய். அதற்கப்புறம் என்னை நீ வரைந்ததே இல்லை. ஒரு தடவை திருமுருகன்பூண்டிக் கோயிலுக்குப் போய்விட்டு வரும் வழியில், சிலை செதுக்கும் பட்டறையில் நின்று வேடிக்கை பார்த்தோம். பாதி முடிந்த ஒரு அம்மனைப் பார்த்து, "ஏனுங்க, எடது காது கொஞ்சம் எறங்கியிருக்குதுங்களே" என்றேன். அந்த ஆள் உளியைக் கீழே வைத்துவிட்டு, "இன்னும் முடியலீங்கம்மா" என்றார். உன் அப்பா அதைச் சொல்லிச் சொல்லி வருடக்கணக்காகச் சிரித்தார். "உங்கம்மா சாமிக்கே அம்பு ஒட்டறவடா" என்பார். நானும் சேர்ந்து சிரித்தேன். நீ சிரித்தாயா என்று இப்போது யோசித்துப் பார்க்கிறேன், ஞாபகம் வரவில்லை.

பி.காம். முடித்து எட்டு மாதம், வெளிநாட்டுக் கடைகளுக்குத் துணி வாங்கி அனுப்பும் ஒரு பையிங் ஆபீசில் இருந்தாய். ஒரு நாள் சாயங்காலம் வந்து, ஷூவைக்கூடக் கழற்றாமல், "அம்மா, நான் வேலைல இருந்து நின்னுட்டேன்" என்றாய். ஊரில் ஒரு மேடம் கம்பெனித் தொழிலாளர்களுக்கு போட்டோ எடுக்கச் சொல்லித்தரும் வகுப்பு நடத்துகிறார், எட்டு ஞாயிறு, அதில் அவருக்கு உதவியாளாகப் போகிறேன் என்றாய். எனக்கு வந்ததே கோபம். "படம் புடிக்கறதுன்னாலும் கல்யாணம், சீருன்னு நாலு எடத்துல கூப்புடுவாங்க. சொல்லிக்குடுக்கறவங்களுக்குப் பையத் தூக்கறது ஒரு வேலையாடா?" என்று கத்தினேன். நீ பொறுமையாகச் சொன்னாய்: "சென்னைல பள்ளிக்கூடப் புள்ளைகளுக்கு போட்டோ வகுப்பெடுக்கற எடம் ஒன்னு இருக்குதும்மா. எங்கயாச்சும் ஒரு வகுப்புல முழுசாக் கூட இருந்து சொல்லிக்குடுத்த லெட்டர் கேக்கறாங்க. மேடம் எட்டு வாரம் முடிஞ்சா எழுதித் தர்றேன்னுட்டாங்க." அந்த ஒரு காகிதத்துக்காக எட்டு ஞாயிறா என்றேன். காகிதத்துக்காக மட்டும் இல்லம்மா என்றாய். மீதியை நான் கேட்கவில்லை.

முதல் ஞாயிறு நான் வந்தது உன்மேல் உள்ள அக்கறையால் என்று நீ நினைத்திருப்பாய். வேவு பார்க்கத்தான் வந்தேன். பல்லடம் ரோட்டில் எலக்ட்ரிக்கல் கடைக்கு மேலே இரண்டாவது மாடி, பெரிய கூடம், பிளாஸ்டிக் நாற்காலிகள். வந்தவர்களில் பாதிப்பேர் எங்கள் கம்பெனி ஆட்கள். ஓவர்லாக் தைக்கிறவர்கள், அயர்ன் மாஸ்டர், பேக்கிங்கில் இருக்கும் ஒடிசாப் பையன்கள். என்னைப் பார்த்ததும் இரண்டு மூன்று பேர் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். நீ பேட்டரி எல்லாம் சார்ஜ் ஏறியிருக்கிறதா என்று பார்த்தாய், வருகைப் பதிவேட்டில் பெயர் எழுதினாய், மேடம் சொன்னதைப் பாதி இந்தியில் பாதி சைகையில் அந்தப் பையன்களுக்குச் சொன்னாய். அப்புறம் ஒன்று கவனித்தேன். யாராவது கேமராவில் தடுமாறினால் நீ பக்கத்தில் போய்க் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாய். "மேல ஒரு சக்கரம் இருக்குது பாருங்க, அதத் திருப்புங்க. இல்லீங்க, அந்தப் பக்கம்" என்று வாயால் மட்டும் சொன்னாய். எவ்வளவு நேரமானாலும் அவர்கள் கையிலிருந்து கேமராவை நீ வாங்கவே இல்லை. எங்கள் தையல் லைனில் புதிதாக ஒரு பெண் தப்பாகத் தைத்தால் நான் துணியை வெடுக்கென்று பிடுங்கி, "இங்க பாரு, இப்புடி" என்று செய்து காட்டுவேன். அவள் என் கையைப் பார்ப்பாள், ஒன்றும் கற்றுக்கொள்ள மாட்டாள். உனக்கு இதை யார் சொல்லித்தந்தார்கள் என்று யோசித்துக்கொண்டே அன்றைக்கு வீடு வந்தேன். யாராக இருந்தாலும் நான் இல்லை.

மூன்றாவது ஞாயிறு என் ஆயுசுக்கும் மறக்காது. ஜன்னலையெல்லாம் மூடக் கறுப்புத் துணி வேண்டும் என்று கேட்டாய். கம்பெனியில் சொல்லிவிட்டு மிச்சம் விழுந்த கறுப்பு ரிப் துணி ஒரு மூட்டை கொண்டுவந்து கொடுத்தேன், கூடவே அகலமான வெள்ளை இண்டர்லாக் துணி ஒன்று. நீ ஏணி மேல் ஏறி ஒவ்வொரு ஜன்னலாக அடைத்தாய். கடைசி ஜன்னலில் ஒரு பட்டன் அளவுக்கு மட்டும் ஓட்டை விட்டாய். வெள்ளைத் துணியை எதிரே கட்டினாய். கதவைச் சாத்தியதும் ஒன்றுமே தெரியவில்லை. பக்கத்தில் யார் யாரோ மூச்சு விடுவது மட்டும் கேட்டது. "அவசரப்படாம இருங்க, கண்ணு பழகட்டும்" என்று இருட்டுக்குள்ளிருந்து உன் குரல் வந்தது. அதற்கப்புறம் மெல்ல, மெல்ல, ஓட்டை வழியாக வந்த வெளிச்சத்தில், அந்தத் துணியின்மேல் பல்லடம் ரோடு தலைகீழாக வந்தது. ஆகாயம் கீழே இருந்தது. சிவப்பு டவுன் பஸ் ஒன்று சக்கரம் மேலே பார்க்கச் சத்தமில்லாமல் ஊர்ந்து போனது. இளநீர் வண்டிக்காரர் தலைகீழாக நின்று யாருக்கோ காய் சீவிக்கொண்டிருந்தார். ஒரு பெண் மஞ்சள் சேலையில், கையில் குடையோடு, கூரையிலிருந்து தொங்கியபடி சாலையைக் கடந்தாள். ஒடிசாப் பையன் ஒருவன், எல்லாமே தலைகீழ் என்று இந்தியில், "உல்ட்டா! சப் உல்ட்டா!" என்று சிரித்தான். வண்ணங்களெல்லாம் பத்துத் தடவை துவைத்த துணிபோல வெளிறி, இதமாக இருந்தன. தினமும் நான் பஸ் பிடிக்கும் ரோடு அது. அதை நான் முதல் தடவையாகப் பார்க்கிறேன் என்று தோன்றியது. எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. அதில் ஒரு தப்பு இருக்கிறதா என்று தேட வேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை. அழுகை வந்தது, இருட்டில் யாருக்கும் தெரியாதென்று அழுதேன். அன்றைக்கே உன்னிடம் வந்து, "கண்ணு, இது நல்ல வேலை" என்று சொல்லியிருக்கலாம். இறங்கும்போது, "ஏணிய ஒழுங்காப் புடிக்கச் சொல்லு, உழுந்து கிழுந்து வெச்சராதே" என்றுதான் சொன்னேன்.

ஐந்தாவது ஞாயிறும் உன்கூட வந்தேன். இதைச் சொல்ல வேண்டியிருப்பதால்தான் இவ்வளவு நேரம் சுற்றி வளைத்தேன். அன்றைக்கு ஒவ்வொருவரும் தாங்கள் எடுத்ததில் பிடித்த ஒரு படத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். நீ மேடத்தின் சின்னப் பிரிண்டரில் அவற்றை அச்செடுத்து, மை காய்வதற்காக நீள மேசையில் வரிசையாகப் பரப்பினாய். மேசைமேல் அதே வெள்ளை இண்டர்லாக். மேலே ட்யூப்லைட். வெயில் எந்தப் பக்கமிருந்து விழுகிறது என்று காட்ட மேடம் எல்லோரையும் மொட்டை மாடிக்குக் கூட்டிப்போனார். "அம்மா, ஃபேன் காத்துக்குப் பறந்துராமப் பாத்துக்குங்க, வந்தர்றோம்" என்று சொல்லிவிட்டு நீயும் கடைசி ஆளாகப் போனாய். மணி மூன்று இருக்கும். நான் மேசைக்கு முன்னால் நின்றேன். முதல் படம் ஒரு டீக்கடை, ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. அடுத்ததில் ஒருவர் தலை பாதி வெட்டுப்பட்டிருந்தது. அடுத்ததில் ஒரு விரல் குறுக்கே வந்திருந்தது. சனிக்கிழமை ஷிப்டிலிருந்து அப்படியே தூக்கி வந்த கைப்பைக்குள் ஸ்டிக்கர் ரோல் கிடந்தது. அதை எப்போது எடுத்தேன் என்று சத்தியமாக எனக்கு நினைவில்லை. நான் அந்தத் தலைகீழ் ரோட்டில் நடந்துகொண்டிருந்தேன் கண்ணு. ஆகாயத்தின்மேல் கால் வைத்து, குடை பிடித்த அந்தப் பெண்ணுக்குப் பின்னாலேயே நடந்து போய்க்கொண்டிருந்தேன். படியில் செருப்புச் சத்தம் கேட்டுத்தான் விழித்தேன். இருபத்தெட்டுப் படத்திலும் அம்பு. சிலவற்றில் இரண்டு, மூன்று. ஒவ்வொரு அம்பின் மூக்கும் சரியாகத் தப்பைத் தொட்டுக்கொண்டிருந்தது.

வேறு ஊராக இருந்தால், வேறு ஆட்களாக இருந்தால், என்ன இது என்று கேட்டிருப்பார்கள். இங்கே யாரும் கேட்கவில்லை. எல்லோருக்கும் அந்த அம்பைத் தெரியும். ஆறு நாள் அந்த அம்புக்குப் பயந்து தைத்துவிட்டு, ஏழாவது நாள் ஒரு கேமராவைத் தொட வந்தவர்கள் அவர்கள். கம்பெனியில் ஆல்டர் பீஸை எடுத்துக்கொண்டு போவது போலவே, தலையைக் குனிந்து, அவரவர் படத்தை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டார்கள். ஒடிசாப் பையன் என்னைப் பார்த்து, "ஆல்டரா அக்கா?" என்று மெதுவாகக் கேட்டான். முத்துமாரி மட்டும் அம்பை உரித்துப் பார்த்தாள். தூத்துக்குடிப் பக்கமிருந்து வந்து எங்கள் கம்பெனியில் ஓவர்லாக் தைக்கிறாளே, அவள். பனியன் துணியில் அம்பை உரித்தால் தடமே தெரியாது. காகிதத்தில் காயாத மையின்மேல் ஒட்டினால் படமும் சேர்ந்து வந்துவிடும் என்பது எனக்குத் தெரியாது. அவள் படத்தில் அம்பு இருந்த இடம் வெள்ளையாகப் போனது. ஒரு குழந்தையின் முகம் இருந்த இடம் அது. அவள் அந்தப் படத்தை நாலாகக் கிழித்து மேசையில் வைத்துவிட்டுப் படியிறங்கிப் போனாள்.

"யாரு ஒட்டினது?" என்று மேடம் கேட்டார். ரோல் என் கையில்தான் இருந்தது, முந்தானைக்குள். நீ என் கையைப் பார்த்தாய், அப்புறம் என் முகத்தைப் பார்த்தாய். "நாந்தானுங்க மேடம். தப்பு கண்டுபுடிக்க ஒரு பயிற்சியாட்ட இருக்கட்டும்னு, நீங்கெல்லாம் மேல போனதும் அம்மா பையிலிருந்து எடுத்து ஒட்டீட்டேன்" என்றாய். இவ்வளவு பேர் நெஞ்சில் அடித்தது போல இருக்கிறதே, இதற்குப் பெயர் சொல்லிக்கொடுப்பதா என்று மேடம் கேட்டார். இனி வர வேண்டாம் என்றார். நீ வருகைப் பதிவேட்டை மூடி அவரிடம் கொடுத்தாய். நான் அங்கேயே நின்றேன், வாயைத் திறக்கவில்லை.

ஏன் திறக்கவில்லை என்று உன்னிடம் ஒளிக்காமல் சொல்கிறேன். முதல் காரணம் வெட்கம். பாதிப்பேர் எங்கள் கம்பெனி ஆட்கள், திங்கட்கிழமை அவர்கள் முகத்தில் விழிக்க வேண்டும். இது யாருக்கும் புரியும் காரணம். இன்னொன்று இருக்கிறது, அதுதான் அசிங்கமானது. உன்னை வர வேண்டாம் என்று மேடம் சொன்னபோது என் மனசின் ஒரு மூலையில், ஒழிந்தது, இனி ஒழுங்கான வேலைக்குப் போவான் என்று ஒரு நிம்மதி வந்தது. பெற்ற பிள்ளை என் தப்பைத் தலையில் தூக்கிக்கொண்டு நிற்கிறான், எனக்கு நிம்மதி வருகிறது. அன்றைக்கு வண்டியில் திரும்பும்போது நீ ஒரு வார்த்தை கேட்கவில்லை. சிக்னலில் நிற்கும்போது, "ஆரஞ்சு வாங்கிக்கலாமாம்மா?" என்றாய், அவ்வளவுதான். ஒரு கிலோ வாங்கினோம். நீ எல்லாப் படத்தையும் ஒரு கடையில் மறுபடி அச்செடுத்து மேடத்துக்குக் கொடுத்தனுப்பியதும், முத்துமாரியின் படத்தை மட்டும் அவள் பெயர் எழுதிய கவரில் போட்டுக்கொண்டு அவள் தங்கியிருக்கும் லைன் வீட்டுக்கு இரண்டு தடவை போனதும், கதவைத் திறக்காமலே அவள் உன்னை ஏசி அனுப்பியதும் எனக்குத் தெரியும். அதற்கு மூன்றாவது வாரம் நீ பெங்களூர் வேலைக்குச் சரி சொன்னாய். "லெட்டர் இல்லாம சென்னைல எடுக்க மாட்டாங்கம்மா. இதுவும் நல்ல வேலைதான்" என்றாய். உன் அப்பா சாப்பிட்டுக்கொண்டே என்னிடம், "அவன் உன்னாட்டவே ஆகறான்" என்றார். அவருக்கு எதுவும் தெரியாது, பெருமையாகத்தான் சொன்னார்.

நேற்று உன் மேசையிலிருந்து அந்தக் கவரை எடுத்துக்கொண்டு முத்துமாரி வீட்டுக்குப் போனேன். துணி துவைத்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள், கம்பெனியில் எழுவது போல. உட்கார் என்று சொல்லிவிட்டு நானும் பக்கத்தில் கல்லில் உட்கார்ந்தேன். நடந்ததைச் சொன்னேன். கவரைப் பிரித்துப் படத்தை எடுத்தாள். ஊரில் மாமியாரிடம் வளரும் அவள் பெண் குழந்தை மூன்று நாள் லீவுக்கு இங்கே வந்திருந்ததாம். திரும்பிப் போகும் நாளில் பஸ் ஸ்டாண்டில் பாட்டியை நோக்கி ஓடும்போது எடுத்த படம். பாவாடையும் சடையும் தெளிவாக இருக்கின்றன. குழந்தை சட்டென்று திரும்பிப் பார்த்த முகம் மட்டும் கலங்கியிருக்கிறது. அங்கேதான் நான் அம்பு ஒட்டினேன்.

"ஓடுத புள்ள மூஞ்சி கலங்காம எப்படிக்கா இருக்கும்?" என்று கேட்டாள். "அது கலங்கிருக்குன்னு எனக்கும் தெரியும். எடுத்தவ நாந்தானே. ஆனா அத முதல்ல சொல்லணுமாக்கா? புள்ள திரும்பிப் பாத்துச்சே, அதச் சொல்லிட்டு இதச் சொல்லக்கூடாதா?"

நீ அந்த வயதில் ஓடிய படம் ஒன்றுகூட நம் வீட்டில் இல்லை. நீ ஓடியபோதெல்லாம் நான் ஓவர்டைமில் இருந்தேன். அதைச் சொன்னேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள், சோப்பு நுரையோடு. "ஒண்ணும் செய்யாத அந்தத் தம்பிய வாய்க்கு வந்தபடி ஏசிட்டேனே, எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு வகுப்புக்கு வருவேன்?" என்றாள். அப்புறம் அவளே, "தம்பி இருந்தா வாரேன்க்கா. அடுத்த தடவ ஓடும்போது மூஞ்சியும் தெரியிற மாதிரி எப்படி எடுக்கதுன்னு தம்பிட்ட கேக்கணும்" என்றாள்.

இன்று ஷிப்ட் முடிந்ததும் மேடத்தைப் பார்க்கப் போனேன். வாசலிலேயே நின்று சொல்லிவிட்டு ஓடி வந்துவிடலாம் என்று நினைத்தேன். உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்துவிட்டார். முழுதும் கேட்டார். "உங்க பையன் பொய் சொன்னது தப்புங்க" என்றார். ஆமாங்க என்றேன். "அவர வெளிய அனுப்பினது என் தப்பு" என்றார். அவர் கொடுத்த தண்ணீரைக் குடித்தேன். பிறகு அவர் சொன்னது இது: வரும் ஞாயிறு எட்டாவது வகுப்பு, கடைசி வகுப்பு. எல்லாப் படங்களையும் கயிறு கட்டி மாட்டப்போகிறார்கள். நீ வந்து நின்றால் உனக்குரிய லெட்டரை, நடந்ததை மறைக்காமல், நீ எப்படிச் சொல்லிக்கொடுத்தாய் என்பதையும் சேர்த்து எழுதித் தருவார். "சென்னைல எடம் இன்னும் இருக்குதான்னு எனக்குத் தெரியாதுங்க. எழுதறது மட்டும்தான் என் கையில இருக்குது." நான் கும்பிட்டுவிட்டு எழுந்தேன். "ஒரு நிமிசங்கம்மா, என்கிட்டச் சொன்னாப் பத்தாதுங்க. அம்பப் பாத்தது அவங்க. அவங்ககிட்டச் சொல்லுங்க" என்றார்.

கண்ணு, ரயிலை விட்டுவிடு என்று நான் சொல்லவில்லை. இருபத்து மூன்று வருடமாக உனக்கு நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். இந்த ஒரு விஷயத்திலாவது கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கிறேன். பெங்களூருக்குப் போனால் நல்லபடியாகப் போய் வா. உனக்குக் கீழே வேலை பார்க்கிறவர்களிடம் முத்துமாரி சொன்ன மாதிரி பேசு, நான் பேசிய மாதிரி பேசாதே. வேளைக்குச் சாப்பிடு. சென்னையோ பெங்களூரோ, எங்கே நின்றாலும் இன்னொருத்தர் தப்பைத் தூக்கித் தோளில் போட்டுக்கொள்ளாதே, அது உன் அம்மாவுடைய தப்பாக இருந்தாலும். நீ அன்றைக்குச் சொன்ன பொய்யால் நான் தப்பித்தேன் என்று நினைக்காதே. மூன்று வாரமாக அந்தக் கூடத்தில்தான் நின்றுகொண்டிருக்கிறேன், ரோலை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு.

நீ அந்த ஐந்து வாரத்தில் கற்றுக்கொடுக்கத்தான் கற்றுக்கொண்டாய் என்று எனக்கு இப்போது புரிகிறது. நம் வீட்டில் அதைப் பக்கத்தில் நின்று பார்த்தவள் நான் ஒருத்திதான். அதை உன்னிடம் சொல்லாமல் உன்னை அனுப்ப எனக்கு மனசில்லை. நீ நல்ல வாத்தியார் கண்ணு. இதை முதலில் சொல்லியிருக்க வேண்டும், கடிதத்தின் கடைசியில் சொல்கிறேன்.

ஞாயிறு பத்து மணிக்கு நான் அந்தக் கூடத்துக்குப் போவேன். நீ ரயிலில் இருந்தாலும் போவேன், கூடத்தில் இருந்தாலும் போவேன். அவர்கள் எல்லோரும் வந்து உட்காரும் வரை காத்திருந்து, அவர்களுக்கு முன்னால் போய் நிற்பேன். அதிகம் பேசப்போவதில்லை. இரண்டே வாக்கியம். மேடத்தைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து அடுப்படியில் சொல்லிச் சொல்லிப் பார்க்கிறேன்.

"அம்பு ஒட்டினது நானுங்க. என்ற பையன் இல்லீங்க."